வரி எண் கேட்ட ஒன்பதாவது பெட்டி

உங்கள் ஆர்டர் பக்கத்தைப் போன வாரம் திறந்து பார்த்தேன். வாங்க வருகிறவர் நிரப்ப வேண்டிய பெட்டிகள் பதினொன்று இருக்கின்றன. முதல் ஆறும் எனக்குப் புரிந்தன. ஏழாவதிலிருந்து எதற்கென்று தெரியவில்லை. பத்தாவது பெட்டி, வாங்குகிறவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்கிறது. அவர் சொல்லாவிட்டால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? இரண்டு நாளாக இதே நினைப்பு. சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் சின்ன மென்பொருள் கம்பெனிகளுக்காகப் பணம் வாங்கித் தருகிறவர்கள், அவர்களுக்கு வரி பார்த்துக் கொடுக்கிறவர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில், இரண்டு நாற்காலியும் ஒரு போன் லைனும் இருந்த அறையில் நானும் அதே வேலையைத்தான் பார்த்தேன். எனக்கு இருந்தவை ஒன்பது பெட்டிகள். எட்டு பெட்டிகள் ஒழுங்கானவை. ஒன்பதாவது நான் கூட்டியது. அந்த ஒன்று ஒரு பெண்ணைப் பெங்களூருக்குப் பஸ் ஏற்றிவிடப் பார்த்தது.

அதற்கு முன் நான் இருபத்திரண்டு வருஷம் ஒரு நூல் வியாபாரக் கம்பெனியில் கணக்கும் விற்பனை வரியும் பார்த்தவன். வெளி மாநில வியாபாரிக்கு நூல் விற்றால், அவர் தன் பதிவு எண்ணைப் போட்டு ஒரு தாள் தர வேண்டும். தந்தால் வரி நாலு சதவீதம், தராவிட்டால் பத்து. அந்தத் தாளுக்குப் பெயர் சி பாரம். ஒரே ஒரு சி பாரத்துக்காக நான் சோலாப்பூருக்கு மூன்று முறை ரயில் ஏறியிருக்கிறேன். மூன்றாவது முறை அந்த வியாபாரி, "நீங்களா, வாங்க, சாப்பிட்டுப் போங்க" என்று சொந்தக்காரரைப் போலக் கூப்பிட்டார். பாரத்தை மட்டும் தரவில்லை. அன்றிலிருந்து, விற்பதற்கு முன் எதிராளியின் பதிவு எண்ணையும் தேதியையும் வாங்கிவிட வேண்டும் என்பது என் உடம்பில் ஊறிப்போனது. மனிதரைப் பார்த்ததும் முகம் பதிகிறதோ இல்லையோ, அவருடைய எண்ணைக் கேட்கத் தோன்றும்.

கம்பெனி மூடியபோது எனக்கு ஐம்பத்தொன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டில் சும்மா இருந்தவனைப் பத்மா கூப்பிட்டாள். எங்கள் கம்பெனி நூல் வாங்கிய ராஜபாளையத்து மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவரின் மகள். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். பத்மா ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டுத் தானாகவே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவள். துணியில் எந்த இழை மேலே எழ வேண்டும், எது கீழே போக வேண்டும் என்று கட்டம் கட்டமாகத் திரையில் வரைந்து, நெய்தால் டிசைன் எப்படி வரும் என்பதை முன்னாலேயே காட்டுகிற ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள்.

முதலில் அதைச் சத்திரப்பட்டிக்கு எடுத்துக்கொண்டு போனோம். அங்கே ஓடுகிற தறிகள் எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிறவை. பதினான்கு தறிக்காரர்களைப் பார்த்தோம். பதினான்கு பேரும் காபி கொடுத்தார்கள். கடைசி ஆள் திரையைச் செத்த நேரம் ரசித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா காயத்துல கட்டுறதுக்குப் பூ டிசைன் எதுக்கு?" என்று கேட்டார். பத்மா பஸ் ஸ்டாண்டு வரை சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குப் பஸ் செலவுதான் கண்ணில் நின்றது.

பிறகுதான் அவளுக்கு இணையத்தில் ஒன்று தெரிந்தது. வெளிநாடுகளில் வீட்டிலேயே கைத்தறி வைத்து, பொழுதுபோக்குக்காக நெய்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் புரோகிராமை இறக்கிச் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் இருபத்தைந்து டாலர் கட்ட வேண்டும். கட்டியவருக்கு, புரோகிராமை முழுதாகத் திறக்கிற ஒரு சாவி எண் அனுப்புவோம். ஆனால் அவர்களிடமிருந்து கார்டில் பணம் வாங்க நம்மிடம் வழி கிடையாது. அதற்கென்றே அமெரிக்காவில் ஒரு கம்பெனி இருந்தது. சின்ன ஆட்களுக்காகக் கார்டில் வாங்கிக்கொண்டு, தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு, மாசம் ஒருமுறை செக் அனுப்பும். பணம் கட்டுகிற பக்கம் அவர்களுடையது. அதில் நாம் வேண்டுமானால் கூடுதலாகக் கேள்விகள் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சமயத்தில் பத்மாவுக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுக்குப் போக மனமில்லை. இந்தப் புரோகிராமை விட்டுவிட்டுப் போனால் திரும்பி அதைத் தொட மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மாஸ்டர் கெட்டவர் இல்லை. மகளிடம் ஒப்பந்தம் போட்டார்.

"ஏட்டி, இந்த ஒரு மாசம் கடையத் தொறந்து பாரு. முப்பது நாள்ல இருபது பேரு வாங்குனா, வாடகை, போன் பில்லு, அண்ணாச்சி சம்பளம் எல்லாம் போக உனக்கும் ஏதோ நிக்கும். இங்கனயே இரு. இருபது வரலைன்னா பெங்களூருக்குப் போ. பொறவு என்கிட்ட அழுதுகிட்டு நிக்கக் கூடாது."

"சரிப்பா," என்றாள் பத்மா.

"அண்ணாச்சி, எண்ணுறது உங்க பொறுப்பு," என்றார் என்னிடம். அதை அவர் சொல்ல வேண்டியதே இல்லை.

கடை திறப்பதற்கு முந்தின நாள், பணம் கட்டும் பக்கத்தின் அமைப்பில் நான் உட்கார்ந்தேன். பெயர், தெரு, ஊர், அஞ்சல் எண், நாடு, மின்னஞ்சல், கார்டு எண், கார்டு முடியும் தேதி. எட்டு. எதையோ மறந்தது போலவே இருந்தது. உடனே ஞாபகம் வந்தது. 'கூடுதல் கேள்வி' என்ற இடத்தில், 'உங்கள் விற்பனை வரிப் பதிவு எண்ணும் பதிவு செய்த தேதியும்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். 'கட்டாயம்' என்பதில் டிக் அடித்தேன். எத்தனை இலக்கம் என்று கேட்டது. நம் ஊர் எண்ணுக்கும் தேதிக்கும் சேர்த்து எத்தனை இலக்கமோ அதைப் போட்டேன். இல்லாவிட்டால் சிவப்பில் ஒரு வரி வரும்படி செய்தேன்: இந்த எண் இல்லாமல் மேலே செல்ல முடியாது. அந்த வாக்கியத்தை நானே எழுதினேன். எழுதி முடித்தபோது மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

பத்மாவிடம், "வரிக்கு ஒரு பெட்டி வெச்சிருக்கேன்ம்மா," என்றேன்.

"வரி உங்க பாடு சார். எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது," என்றாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் வெளியூருக்கு நான் விற்ற ஒவ்வொரு மூட்டை நூலையும் வாங்கியவர் ஒரு வியாபாரி. வியாபாரி அல்லாத ஒருவர், எல்லைக்கு அப்பாலிருந்து, தனக்காகவே ஒரு பொருளை வாங்குவார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இதை முட்டாள்தனம் என்று நீங்கள் நினைக்கலாம். முட்டாள்தனம் என்றால் எளிதாகத் திருத்திவிடலாம். இது அனுபவம். ஆளை நிற்க வைத்து ஏமாற்றுவது அதுதான்.

அந்தப் பக்கத்தை நாங்கள் வாங்கிப் பார்த்துச் சோதிக்கவும் இல்லை. வெளிநாட்டில் செல்லும் கார்டு எங்கள் மூன்று பேரிடமும் இல்லை. எனக்குத் தெரிந்து அந்தத் தெருவிலேயே யாரிடமும் இல்லை. உங்களிடம் ஆளுக்கு மூன்று கார்டு இருக்கிறது. உங்கள் கடையில் நீங்களே ஒரு தடவை வாங்கிப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது. போன மாசம் உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, உங்களில் எத்தனை பேர் அப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு பேர் கை தூக்கினார்கள். அதில் ஒருவர் பாதிதான் தூக்கினார்.

கடை திறந்தது. அப்போது இணையத்துக்குப் போக வேண்டுமானால் மதுரைக்கு வெளியூர்க் கட்டணத்தில் எஸ்டிடி கால் போட வேண்டும். காலை ஆறு மணிக்கு முன்னால் கட்டணம் குறைவு. அதனால் நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஐந்தரைக்கு மோடத்தை ஓட்டி, மெயில்களை இறக்கி, ஆறு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது துண்டித்துவிடுவேன். ஆர்டர் வந்திருந்தால் மெயிலில் தெரியும். பணம் கட்டும் பக்கத்தின் அடியில் வந்துபோனவர்களின் எண்ணிக்கை ஓடும். அதையும் நோட்டில் எழுதுவேன்.

மூன்றாம் நாள்: வந்தவர்கள் பதினொன்று, வாங்கியவர்கள் இல்லை. பத்தாம் நாள்: வந்தவர்கள் முப்பத்து நான்கு, வாங்கியவர்கள் இல்லை. பதினேழாம் நாள்: வந்தவர்கள் அறுபத்தொன்று, வாங்கியவர்கள் இல்லை.

பத்மா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். முதலில் திரையின் நிறங்களை மாற்றினாள். பிறகு மெனுக்களை மாற்றினாள். ஆறு பட்டன்களை எடுத்தாள், நாலைத் திரும்ப வைத்தாள்.

"என்ன சார் இது. பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல வாராங்க. வந்து பாக்காங்க, உக்காருதாங்க, ஊருக்குப் போயி எழுதுறோம்னு எந்திரிச்சுப் போயிடுதாங்க," என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விலை ஜாஸ்தியோ என்னவோம்மா," என்றேன். நான் சொன்னதைக் கேட்டு அவள் இருபத்தைந்தை இருபதாக்கினாள். இப்போது நினைத்தாலும் அந்த ஐந்து டாலர் என் கழுத்தைப் பிடிக்கிறது.

பதினெட்டாம் நாள் காலை ஐந்து மணி நாற்பது நிமிஷத்துக்கு ஒரு மெயில் இறங்கியது. கனடாவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். நான் அச்செடுத்துப் படித்தேன். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

"அன்புள்ள ஐயா, பத்து நாளாக உங்கள் புரோகிராமை ஓட்டிப் பார்க்கிறேன். மிகவும் பிடித்திருக்கிறது. வாங்குவதற்கு நாலு முறை முயன்றேன். என்னிடம் விற்பனை வரிப் பதிவு எண் இல்லை. இரண்டு தறிகள் இருக்கின்றன. முதல் முறை பெட்டியைக் காலியாக விட்டேன். இரண்டாம் முறை 'இல்லை' என்று எழுதினேன். மூன்றாம் முறை பெரிய தறியின் அடியில் அடித்திருக்கும் எண்ணைப் போட்டேன். நாலாம் முறை அந்தத் தறி எங்கள் வீட்டுக்கு வந்த தேதியையும் சேர்த்துப் போட்டேன். எதையும் உங்கள் பக்கம் ஏற்கவில்லை. எனக்கு ஒரு எண் எங்கே கிடைக்கும் என்று தயவுசெய்து சொல்வீர்களா?"

இரண்டு தடவை படித்தேன். அறுபத்தொரு பேர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார்கள். நான் குறுக்கே கட்டையைப் போட்டு, உன் எண் என்ன, உன் தேதி என்ன என்று கேட்டிருக்கிறேன்.

ஏழு மணிக்கு மேல் பத்மா வந்தாள். கையில் பெங்களூருக்கான பதில். சம்மதம் என்று டைப் அடித்து வைத்திருந்தாள். "கவர் இருக்கா சார்? எப்படியும் மாசக் கடைசியில போடத்தானே போறோம், இப்பவே எழுதி வெச்சிருவோம்னு பாத்தேன்," என்றாள். அவள் முகத்தைப் பார்க்காமல் கவர் எடுத்துக் கொடுத்தேன். மெயில் என் டிபன் பையில், மோர் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஏன் சொல்லவில்லை? வெட்கம் ஒரு பாதி. மறு பாதி பயம். பெட்டியை எடுத்துவிட்டால் நாளைக்கு வரி அலுவலகத்தில் கேள்வி வந்தால் என்ன செய்வது? எண் இல்லாத விற்பனைக்கு முழு வரியும் அபராதமும் அவள் தலையில் விழுந்தால்? ஒரு தவறைத் திருத்தப் போய் இன்னொன்றைச் செய்துவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயமாகத்தான் பட்டது. பிழை செய்தவனுக்குத் தோன்றும் காரணங்கள் எல்லாம் நியாயமாகத்தான் இருக்கும்.

அன்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, நேராக ஒருவரைத் தேடிப் போனேன். விற்பனை வரித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தன் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்பார், எழுதவில்லை. கூமாப்பட்டியில் அவருக்கு வயல் இருந்தது. அன்று அங்கிருந்து வந்தவர், கால் சேறு காயாமலேயே பால்கோவா கடை வாசலில் அரைக் கிலோவுக்குக் காத்திருந்தார். அங்கேயே மெயிலைக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார்.

"இந்தம்மாகிட்ட நம்பர் கேட்டது யாரு?"

"நான்தாங்க."

"இந்தக் கடையில எனக்கு முன்னால நிக்கிறவரு கேரளாவுல கொல்லத்துலேருந்து கோயிலுக்கு வந்தவரு. இவருகிட்ட கடைக்காரரு நம்பர் கேட்டாரா?"

"இல்லங்க. ஆனா இது கடைத்தெரு விற்பனை இல்லையே. வெளிநாடு."

"வெளிநாட்டுக்குப் போனா ஏற்றுமதி. அதுக்கு அந்தம்மாகிட்ட நீரு வரி வாங்கப் போறீரா?"

"இல்லங்க."

"வாங்காத வரிக்கு எதுக்குவே நம்பரு?"

வரிசையில் இருந்த கொல்லத்துக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் குரலைத் தாழ்த்தினேன். ஆனாலும் விடவில்லை. "கப்பல்ல போகலையே. ஏற்றுமதின்னா கப்பல் ரசீது கேப்பாங்களே. இது கம்பியில போகுது. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"நான் எழுதிக் குடுக்க முடியாது. புரோகிராம் சரக்கா, சரக்கே இல்லையான்னே இன்னும் வழக்கு ஓடிக்கிட்டிருக்கு. தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதக் கூடாது. ஆர்டர் வந்த மெயிலு, அவிய அனுப்புன செக்கு, பேங்க்காரன் குடுக்கிற தாளு, மூணையும் ஒண்ணா தைச்சு வையும். நாளைக்கு ஒருத்தன் கேட்டா, மறைக்காம எடுத்து முன்னால வையும். அம்புட்டுத்தான் உம்மால முடியும்." பால்கோவா பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீரா?"

"இன்னும் இல்லங்க."

"இதக் கேக்கத்தான் மொதல்ல வந்தேன்னு என்கிட்ட சொல்லாதேயும். அவகிட்ட சொல்லுறதுக்கு வரிச் சட்டம் எதுக்கு?"

இதை மட்டும் நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தைத் திருத்தச் சட்டம் தெரிய வேண்டும், அதற்கு ஒரு நாள் எடுத்தால் தப்பில்லை. கடை பூட்டியிருக்கிறது என்று கடைக்காரரிடம் சொல்ல எந்தச் சட்டமும் தேவையில்லை.

மறுநாள் ஐந்தரைக்கு வரச் சொல்லி இரவே பத்மாவுக்குப் போன் செய்திருந்தேன். அவள் வீடு பின்தெருவில்தான். மெயிலைக் கீபோர்டின் மேல் வைத்தேன். படித்தாள்.

"இது எப்ப வந்துச்சு சார்?"

"நேத்து அஞ்சு நாப்பதுக்கு."

"நேத்து முழுக்க எங்க இருந்துச்சு?"

"டிபன் பையில."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மெயில் வந்து இருபத்து மூன்று மணி ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. பிறகு சொன்னாள். "பதினெட்டு நாளா நான் எழுதுனதுதான் மட்டம்னு நெனச்சேன் சார். நல்லா இருந்த கலரை எல்லாம் மாத்திட்டேன்."

அதுதான் அந்தப் பெட்டி செய்த உண்மையான சேதம். பணம் வராதது ஒரு பக்கம். பொருள் செய்தவருக்குத் தன் பொருள் மேலேயே நம்பிக்கை போய்விடுகிறது. வாங்க வந்தவர் பெட்டியில் தடுக்கித் திரும்பியது அவருக்குத் தெரியாது. தன்னைப் பிடிக்காமல் போய்விட்டார் என்றே நினைத்துக்கொள்வார்.

"என்னைய வேலைய விட்டு அனுப்பிரும்மா," என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

"அனுப்பிட்டு? அந்தப் பெட்டிய யாரு எடுக்கது? பாஸ்வேர்டு உங்ககிட்டல்ல இருக்கு."

மறுபடியும் மெயிலை எடுத்துப் பார்த்தாள். தறி வீட்டுக்கு வந்த தேதி என்ற இடத்துக்கு வந்ததும் அவளுக்கு உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். "தேதி போட்டிருக்காங்க சார். தறிக்குப் பொறந்தநாள் போட்டிருக்காங்க," என்று மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். மோடம் கீச்சிட்டு இணைப்பு கிடைக்கிற வரை சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. நான் சிரித்துக்கொண்டே ஒரு விற்பனை வரிக் கேள்வியை அழித்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

விலையை இருபத்தைந்துக்கே ஏற்றினாள். பழைய நிறங்களைத் திரும்ப வைத்தாள். அந்த அம்மாவுக்குப் பதில் எழுதினாள்: உங்களுக்கு எண் எதுவும் தேவையில்லை, தறி இருந்தால் போதும். சாவி எண்ணையும் இலவசமாகவே அனுப்பிவிடலாம் என்றாள். நான் ஒப்புக்கொள்வதற்குள்ளேயே, ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அந்த அம்மா ஐந்தாவது முறையாக வந்து பணம் கட்டிவிட்டார். அவர்கள் ஊரில் அப்போது சாயங்காலம். நாள் பூராவும் பதிலுக்காகக் காத்திருந்தாராம்.

அன்று ஒன்று. இருபதாம் நாள் ஒன்றுமில்லை. நான் மத்தியானம் சாப்பிடவில்லை. அதற்குள் அந்த அம்மா, நெசவு செய்கிறவர்கள் மெயிலில் பேசிக்கொள்ளும் குழு ஒன்றில், பெட்டி போய்விட்டது, எல்லோரும் போய் வாங்கலாம் என்று எழுதியிருக்கிறார். இருபத்தொன்றாம் நாள் நாலு. பிறகு இரண்டு, பிறகு ஒன்று. ஒருவர் நியூசிலாந்திலிருந்து, உங்கள் ஊரில் மழை எப்படி என்று கேட்டிருந்தார். பிளவக்கல் அணை நிரம்பிவிட்டது என்று பத்மா பதில் போட்டாள். பணம் கட்டியவருக்கு அணை விவரம் எதற்கு என்று நான் கேட்டேன். "அவங்க கேட்டாங்கல்ல சார்," என்றாள்.

முப்பதாம் நாள் காலை. நோட்டில் பதினேழு இருந்தது. மோடம் ஓடிக்கொண்டிருந்தது. பத்மா இணைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தே முக்காலுக்கு, ஷிப்டுக்குப் போகிற வழியில் மாஸ்டர் மாடி ஏறி வந்தார்.

"அண்ணாச்சி, எம்புட்டு?"

மூன்று குறைகிறது. நாளைக்கோ மறுநாளோ மூன்று பேர் வந்துவிடுவார்கள். இருபது என்று சொல்லிவிட்டால் அவர் நோட்டை வாங்கிப் பார்க்கப் போவதில்லை. என் எண்ணிக்கையை அந்த ஊரில் யாரும் சரிபார்த்ததில்லை. அந்த ஒரு கணம் நாக்கில் இருபது வந்து நின்றது. ஆனால் நான் இருபது என்றால், அது அவளுடைய பதினேழுக்கு நான் செய்கிற அவமரியாதை.

"பதினேழு மாஸ்டர்."

"இருபதுன்னுல்ல பேச்சு."

"ஆமா. ஆனா முப்பது நாள்ல பதினெட்டு நாள் கடையப் பூட்டி வெச்சிருந்தது நான். பத்மா இல்ல." பெட்டி, சிவப்பு வரி, அறுபத்தொரு பேர், டிபன் பை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

"அப்ப ஓடுனது பன்னெண்டு நாளுதான?"

"பன்னெண்டு."

"எங்க மில்லுல கரண்டு போயி மிஷின் நின்னா, நின்ன நேரத்த சைடர் தலையில கட்ட மாட்டோம். மிஷினப் பாத்துக்கிறவன் என்ன செய்வான்? ஓடுன மணிக்குத்தான் உற்பத்திக் கணக்கு." விரலை மடக்கினார், விட்டுவிட்டார். "பன்னெண்டு நாளுக்குப் பதினேழுன்னா முப்பது நாளைக்கு எம்புட்டு வரும்?"

"நாப்பத்திரெண்டரை."

"அரை ஆளு எங்கேருந்து வருவான்?"

"வகுத்தா அப்படித்தான் வருது மாஸ்டர்."

"சரி, நாப்பத்திரெண்டுன்னே வெச்சுக்கிடுவோம்." மகள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, பெங்களூர்க்காரனுக்கு வரலைன்னு இன்னைக்கே எழுதிப் போட்டுரு."

பத்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போட்டாச்சுப்பா."

"எப்ப?"

"பதினோரு நாளாச்சு. அந்தக் கனடா அம்மா வாங்குனாங்கள்ல, அன்னைக்கே."

"ஒரே ஒரு ஆளு வாங்குனதுக்கா?"

"நாலு தடவ கதவ முகத்துல சாத்துனோம். அஞ்சாவது தடவயும் வந்து வாங்குனாங்கப்பா. அதுக்கு மேல என்னத்த எண்ணுறது?"

மாஸ்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தார். அந்தப் பதினோரு நாளில் நான் விட்ட சாப்பாடு மட்டும் நாலு வேளை.

"பொறவு எதுக்கு ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் எண்ணிக்கிட்டுக் கெடந்தீங்க?"

"நான் எங்கப்பா எண்ணுனேன்? சார்தான். காலையில வந்ததும் நோட்டத் தொறந்து, கோடு போட்டு, அம்புட்டு ஆசையா எழுதுறாரு. வேண்டாம்னு சொல்ல மனசு வரல."

மாஸ்டர் சிரித்த சிரிப்பில், கடை திறக்க வந்த சைக்கிள் கடைக்காரர் என்னமோ ஏதோ என்று மாடிப்படி ஏறி வந்துவிட்டார். மில் சங்கு ஊதியது. மாஸ்டருக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, அவர் எழுந்திருக்கவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அப்போது பதினெட்டாவது ஆர்டர் இறங்கிக்கொண்டிருந்தது, நான் பேனாவைத் திறந்தேன்.